பாட்மிண்டன் வீராங்கனை பி.வி. சிந்து எப்போது ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று உங்களிடம் யார் கேட்டார்கள்?

முதல் சுற்றில் ஒரு தோல்வி. உடனே சமூக ஊடகத்தில் அந்தப் பதிவு, அதன் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். எல்லோரும் பார்த்திருப்பீர்கள்; மறுபடி இங்கே எடுத்துப் போட எனக்கு மனமில்லை. ‘இறுதிப் போட்டி என்றாலே தோற்பவர், இனியாவது ஓய்வு பெறட்டும்.’ இதுதான் சாரம்.

இறுதிப் போட்டி என்றாலே தோற்பவரா? 2019இல் பாசெல் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் ஜப்பானின் ஒகுஹாராவை 21-7, 21-7 என்று 38 நிமிடங்களில் வீழ்த்தியவர் யார்? அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிளாஸ்கோவில் அதே ஒகுஹாராவிடம்தான் 110 நிமிடங்கள் போராடித் தோற்றார். இரண்டாவது கேமை அவர் வென்ற அந்தக் கடைசிப் புள்ளிக்கு மட்டும் 73 ஷாட்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்த யாருக்கும் ‘தோற்பவர்’ என்று எழுதக் கை வராது. ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், உலகச் சாம்பியன்ஷிப்பில் ஐந்து பதக்கங்கள். 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இடது காலில் வலியோடு ஆடித் தங்கம் வென்றார்; எலும்பில் விரிசல் என்று தெரிந்து, அதன்பின் பல மாதங்கள் களத்துக்கே வரவில்லை.

‘இளையவர்களுக்கு வழிவிட வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். பாட்மிண்டனில் யாரும் வழிவிட்டு யாரும் வருவதில்லை ஐயா. கடந்த 52 வாரங்களில் ஆடியவற்றில் சிறந்த 10 முடிவுகளின் புள்ளிகளே உலகத் தரவரிசை. பழைய பதக்கத்துக்கு அங்கே ஒரு புள்ளியும் கிடையாது. ஒலிம்பிக் ஒற்றையரில்கூட, முதல் 16 இடங்களுக்குள் இருந்தால் ஒரு நாட்டிலிருந்து இருவர் போகலாம். அவரை முந்த வேண்டியவர்கள் களத்தில் முந்தட்டும். அவரும் அதைத்தான் விரும்புவார்.

‘விளம்பரத்தில் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறாரே’ என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. உழைத்தார், சம்பாதிக்கிறார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். என் அக்கா மாவட்ட அளவில் ஆடியவள். காலிறுதியில் தோற்று வீங்கிய முழங்காலோடு வந்த அன்று, வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், “போதும் அம்மா, இனி ஒழுங்காகப் படிக்கிற வழியைப் பார்” என்றார். என்ன ஸ்கோர் என்றுகூட அவர் கேட்கவில்லை. அப்பாவும் தலையாட்டிவிட்டார். அதன்பின் அவள் மட்டையைத் தொடவில்லை. அவளைவிட இரண்டு வயது மூத்த பையன், அதே போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றவன், தொடர்ந்து ஆடினான். அவனிடம் யாரும் போதும் என்று சொல்லவில்லை.

ஒரு பெண் தோற்றால் மட்டும் ‘போதும்’ என்ற சொல் எப்படி இவ்வளவு சீக்கிரம் வாயில் வருகிறது? அன்று அக்காவை நிறுத்தியவர்களே இன்று ஒலிம்பிக் நடக்கும்போதெல்லாம், நம் பக்கத்துப் பெண்கள் ஏன் விளையாட்டில் வருவதில்லை என்று என்னிடம் கேட்கிறார்கள். நீங்கள்தானே நிறுத்தினீர்கள்?