171-ஐ வெட்டிவிட்டு 281-ஐ மட்டும் காட்டாதீர்கள்

ஞாயிறு ராத்திரி அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். அதில் பேசிய ஒருவர், இந்தியா ஆஸ்திரேலியாவை வென்ற 2001 கொல்கத்தா டெஸ்ட் ஓவர்ரேட்டட், ஒரே ஒரு பார்ட்னர்ஷிப், மிச்சமெல்லாம் லக், பெருசுகள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கின்றன என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள். கிரிக்கெட் தெரியாத ஆள் பேசியிருந்தால் கடந்து போயிருப்பேன். இவருக்கு ஆட்டம் தெரியும். அதுதான் வலிக்கிறது.

சொல்ல வந்தது ஒன்றுதான். ரசிகர் மனதில் சாகும்வரை தங்குவது வெற்றி இல்லை. தோற்றாச்சு என்று மனசார ஒத்துக்கொண்ட பிறகு வந்த வெற்றி. அந்த ஒத்துக்கொள்ளலை வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஸ்கோர் கார்டு.

அப்போது என்ன நிலைமை என்று பாருங்கள். 2000 ஏப்ரலில் தென்னாப்பிரிக்க கேப்டன் குரோனியேயின் மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரம் வெடித்தது. டிசம்பரில் அசாருதீனுக்கு ஆயுள் தடை. கேட்ச் நழுவினாலே சந்தேகப்பட்ட காலம் அது. கிரிக்கெட் பார்ப்பதையே விட்டுவிட்ட வீடுகள் உண்டு. அந்த நேரத்தில் ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலிய அணி வருகிறது. மும்பை டெஸ்ட்டை மூன்றே நாளில் 10 விக்கெட் வித்தியாசத்தில் முடித்துவிட்டு, தொடர்ச்சியாக 16 டெஸ்ட் ஜெயித்த கணக்கோடு ஈடன் கார்டனில் இறங்குகிறது. நம் பக்கம் கும்ப்ளே இல்லை, தோள்பட்டைக் காயம். ஸ்ரீநாத்தும் இல்லை.

முதல் நாள் 252-க்கு 4 என்று இருந்த ஆஸ்திரேலியாவை ஹர்பஜன் ஹாட்ரிக் எடுத்து 252-க்கு 7 ஆக்கினார். பாண்டிங், கில்கிறிஸ்ட், வார்ன். வார்ன் கொடுத்த கேட்சை ஷார்ட் லெக்கில் பிடித்தது நம்ம சடகோபன் ரமேஷ், மூன்றாவது நடுவர் வரை போய் உறுதியானது. டெஸ்ட்டில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் ஹாட்ரிக். 269-க்கு 8. அங்கே நம்பிக்கை வந்தது. வந்த நம்பிக்கையை அடுத்த நாள் வாவும் கில்லெஸ்பியும் ஒன்பதாவது விக்கெட்டுக்கு 133 ரன் சேர்த்து உடைத்தார்கள். 445 ஆல் அவுட். பதிலுக்கு நாம் அன்று மாலைக்குள் 128-க்கு 8. மூன்றாம் நாள் காலை 171-க்குச் சுருண்டோம். மெக்ராத் 14 ஓவரில் 18 ரன்னுக்கு 4 விக்கெட். 274 பின்தங்கி ஃபாலோ ஆன், அதாவது உடனே மறுபடியும் நாமே பேட்டிங்.

இதைத்தான் அந்த நேரலையில் அரை வாக்கியத்தில் தாண்டினார்கள். இந்த 171 இல்லாமல், அடுத்த இன்னிங்ஸில் லட்சுமண் அடித்த அந்த 281 இல்லை. டிவியை அணைத்தவர்கள், ரேடியோவைத் திருகி மூடியவர்கள், பேப்பரில் கடைசிப் பக்கத்தைத் திருப்பாமல் விட்டவர்கள், எல்லோரும் அந்த மூன்றாம் நாளில்தான் இருந்தார்கள். ஏற்கெனவே ஏமாந்த மனசு, இன்னொரு முறை ஏமாறத் தயாராகிவிட்டது.

அடுத்து அந்த "ஒரே ஒரு பார்ட்னர்ஷிப்". முதல் இன்னிங்ஸில் 59 அடித்துக் கடைசியாக அவுட்டாகி வந்த லட்சுமணிடம், பேடைக் கழற்ற வேண்டாம், மூன்றாவதாக இறங்கு என்று பயிற்சியாளர் ஜான் ரைட் சொன்னார். மூன்றில் ஆடிவந்த டிராவிட் ஆறுக்குப் போனார். லட்சுமணின் முதுகு அந்த மேட்சுக்கே தேறுமா என்று இருந்த முதுகு. பிசியோ ஆண்ட்ரூ லீபஸ் அதைப் பிடித்துப் பிடித்துத்தான் களத்துக்கு அனுப்பினார்.

வார்னை அவர் ஆடியதைக் கவனமாகப் பாருங்கள். வார்ன் லெக் ஸ்டம்புக்கு வெளியே பூட்ஸ் தடம் விழுந்து கரடான இடத்தில் போடுகிறார். அங்கே விழும் பந்து உள்பக்கமாகக் கூர்மையாகத் திரும்பும். பெரும்பாலானோர் காலை நீட்டிப் பேடில் வாங்குவார்கள். லட்சுமண் இறங்கி வந்து கவர் பக்கம் அடிக்கிறார். கவருக்கு ஆள் போட்டதும், அதே இடத்தில் விழும் அதே பந்தை, அது திரும்பும் திசைக்கு எதிராக, மணிக்கட்டால் மிட்விக்கெட்டுக்குத் திருப்புகிறார். ஒரே பந்துக்கு எதிரெதிர் திசையில் இரண்டு பவுண்டரி இருந்தால் எந்த கேப்டனால் ஃபீல்டு வைக்க முடியும்? வார்ன் 34 ஓவரில் 152 ரன் கொடுத்து ஒரு விக்கெட். இதற்குப் பெயர் லக்கா?

நான்காம் நாள் 254-க்கு 4-இல் தொடங்கி 589-க்கு 4-இல் முடிந்தது. 90 ஓவர், 335 ரன், விக்கெட் இல்லை. லட்சுமண் 109-இலிருந்து 275. டிராவிட் 7-இலிருந்து 155. கூட்டு மொத்தம் 376. ஃபாலோ ஆன் கொடுத்ததால் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர்கள் முதல் இன்னிங்ஸில் 58 ஓவர் போட்ட கையோடு, ஓய்வே இல்லாமல் மார்ச் மாதக் கொல்கத்தா வெயிலில் இன்னும் 178 ஓவர் போட்டார்கள். ஒன்பது பேர் பந்து வீசினார்கள். ஹேடன், ஸ்லேட்டர், லாங்கர் வரை. வீசாதவர்கள் ஸ்டீவ் வாவும் கீப்பர் கில்கிறிஸ்ட்டும் மட்டும். அந்த மேட்சுக்குப் பிறகு ஃபாலோ ஆன் கொடுக்க கேப்டன்கள் யோசிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் இந்தக் களைப்புதான்.

"அப்படியே ஆனாலும் டிராதானே ஆகியிருக்கும், கடைசி நாள் அம்பயர் புண்ணியம்" என்று கீழே வந்து எழுதப்போகிறவர்களே, சரி. அந்த எல்பிடபிள்யூக்களில் ஒன்றிரண்டு விவாதத்துக்கு உரியவைதான். அம்பயர் முடிவை மறுபரிசீலனை கேட்கும் டிஆர்எஸ் இல்லாத காலம். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை. கடைசி நாள் தேநீர் இடைவேளையில் 161-க்கு 3 என்று நிம்மதியாக இருந்த ஆஸ்திரேலியா 166-க்கு 3-லிருந்து 174-க்கு 8 ஆனது. எட்டே ரன்னில் ஐந்து விக்கெட். ஸ்டீவ் வா, மாற்று வீரராக வந்து நின்ற நம்ம ஹேமாங் பதானியிடம் கேட்ச். அதே ஓவரில் பாண்டிங். கில்கிறிஸ்ட்டையும் ஹேடனையும் வார்னையும் எடுத்தவர் டெண்டுல்கர். ஹர்பஜனுக்கு மொத்தம் 13 விக்கெட். 171 ரன்னில் வெற்றி. 171-க்கு ஆல் அவுட்டான அணிக்கு.

ஃபாலோ ஆன் வாங்கி ஜெயிப்பது அதற்கு முன் டெஸ்ட் வரலாற்றில் இரண்டே முறை நடந்தது, 1894-இல் சிட்னியிலும் 1981-இல் ஹெடிங்லியிலும். இரண்டிலும் ஜெயித்தது இங்கிலாந்து. ஹெடிங்லியில் ஒரு கட்டத்தில் இங்கிலாந்து ஜெயிக்க 500-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் போர்டு மாட்டினார்கள். போத்தம் 149 நாட் அவுட், வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட், 130 இலக்கை ஆஸ்திரேலியா எட்டவில்லை, 111. அங்கேயும் இன்றுவரை முதலில் பேசுவது அந்த 500-ஐத்தான்.

என் பேச்சுக்குச் சாட்சி வேண்டுமா? அடுத்த டெஸ்ட்டே சாட்சி. நம்ம சேப்பாக்கம். ஹர்பஜன் 15 விக்கெட், ஹேடன் 203, கடைசியில் 2 விக்கெட் மிச்சம் வைத்து ஜெயித்து தொடரையே எடுத்தோம். நெஞ்சு படபடத்ததைப் பார்த்தால் கொல்கத்தாவைவிட சென்னைதான் நெருக்கடி. தொடரை முடிவு செய்ததும் சென்னைதான். அப்புறம் ஏன் கொல்கத்தா அளவுக்குச் சென்னையைப் பேசுவதில்லை? சென்னையில் முதல் இன்னிங்ஸில் நாம் 110 ரன் முன்னிலை. ஒரு நிமிடம்கூட கைகழுவவில்லை. இழுபறி வேறு, மீண்டு வருவது வேறு. பயந்து ஜெயித்ததை ரசிகர் ரசிப்பார். கைவிட்டது திரும்பி வந்ததைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வார்.

இது வயசானவர்கள் ஏக்கம் என்றும் சொன்னார்கள். அப்படியானால் 2021 ஜனவரி 19-ஐ ஏன் இருபது வயசுப் பிள்ளைகள் இன்னும் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள்? பிரிஸ்பேன் காபா மைதானத்தில் 328-ஐத் துரத்தி ஜெயித்தோம். 1988-க்குப் பிறகு அன்றுவரை ஆஸ்திரேலியா அங்கே தோற்றதே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் கதையை காபாவிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு மாதம் முன்னால் அடிலெய்டில் 36-க்குச் சுருண்டதிலிருந்து தொடங்குகிறார்கள். கோலி ஊருக்குத் திரும்பினார், ஒருவர் பின் ஒருவராகக் காயம், கடைசி டெஸ்ட்டில் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அறிமுகம். சுந்தர் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்து 62 அடித்து, தாக்கூருடன் 123 சேர்த்தார். புஜாரா 211 பந்து, 56 ரன், உடம்பெல்லாம் அடி. பந்த் 89 நாட் அவுட். அந்த 36 இல்லாவிட்டால் காபா ஒரு நல்ல சேஸ், அவ்வளவுதான். இருபது வயசுக்காரருக்கு 36, நாற்பது வயசுக்காரருக்கு 171. இதில் பெருசு எங்கே, சிறுசு எங்கே?

மூளைக்கும் இதில் வேலை இருக்கிறது. மூளை விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், எதிர்பார்த்த பரிசுக்கு மூளையின் டோபமைன் செல்கள் பெரிதாக அசையவில்லை, எதிர்பாராமல் வந்த பரிசுக்குத்தான் துள்ளின. எதிர்பார்ப்பு எவ்வளவு கீழே போயிருந்ததோ அவ்வளவு உயரத்தில் விழுகிறது அடி. ஆனால் அறிவியல் சான்றிதழ் வாங்கித்தான் எங்கள் நினைவை நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஐந்து நாள் உழைப்பைப் பத்து நிமிட வீடியோவாக வெட்டி, அதிலும் பவுண்டரிகளை மட்டும் ஒட்டிப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள் என்று கேட்கிறீர்கள். அந்த வெட்டலைப் பார்த்தால் எனக்கும் ஓவர்ரேட்டடாகத்தான் தெரியும். இன்னொரு நிகழ்ச்சி செய்வீர்கள் அல்லவா? அதில் லட்சுமணின் முதல் பவுண்டரிக்கு முன்னால், வாவும் கில்லெஸ்பியும் சேர்த்த அந்த 133-ஐப் போடுங்கள். மூன்றாம் நாள் காலை கடைசி விக்கெட் விழுவதையும், ஸ்டீவ் வா ஃபாலோ ஆன் கேட்பதையும் போடுங்கள். பிறகு 281-ஐக் காட்டுங்கள்.