எது ‘பாசிட்டிவ்’ என்று பார்க்க வேண்டும்

பிரசவித்த தாய்மாரின் ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) பரிசோதனையை விளக்கும் இக்கட்டுரை, ‘பாசிட்டிவ்’ என்றால் தொற்று என்பதோடு நின்றுவிடுகிறது. எந்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்பதைப் பொறுத்தே பொருள் மாறும். செவிலியரான என் தங்கைக்குக் குழந்தை பிறந்த மூன்றாம் நாள், அறிக்கையில் ‘ஆன்டி எச்பிஎஸ் பாசிட்டிவ்’ (வைரஸிலிருந்து காக்கும் எதிர்ப்பொருள் உடலில் இருக்கிறது) என்ற வரியைக் கண்ட அம்மா, பாலுக்கு அழுத குழந்தையைத் தாயிடம் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். அடுத்த வரியில் ‘ஆன்டி எச்பிசி நெகட்டிவ்’ (உண்மையான தொற்று வந்தால் மட்டுமே உருவாகும் எதிர்ப்பொருள் இல்லை) என்றிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த இரண்டு வரிகளும் சேர்ந்து சொன்னது, அவள் முன்பு போட்டுக்கொண்ட தடுப்பூசி நன்றாக வேலை செய்திருக்கிறது என்பதைத்தான்.

வைரஸின் மேற்பரப்புப் புரதமான ‘எச்பிஎஸ்ஏஜி’ ரியாக்டிவ் (அதாவது பாசிட்டிவ்) என்று வந்து, மறுபரிசோதனையிலும் உறுதியானால்தான் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது என்று பொருள். 6 மாதங்களைத் தாண்டியும் நீடித்தால் அது நாள்பட்ட தொற்று. அதனுடன், வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் புரதமான ‘எச்பிஇஏஜி’யும் பாசிட்டிவ் என்றால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு மிக அதிகம். அப்போதுகூட, பிறந்த 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் (வைரஸுக்கு எதிரான ஆயத்த எதிர்ப்பொருள்) ஊசியையும் தடுப்பூசியின் முதல் தவணையையும் வெவ்வேறு தொடைகளில் போட்டு, 6, 10, 14 வாரத் தவணைகளையும் தவறாமல் முடித்தால், பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தைக்கு 9 முதல் 12 மாதத்துக்குள் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி எச்பிஎஸ் இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதைக் கட்டுரையில் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.