தண்ணீர் வருமுன் தூர்வாருங்கள்

டெல்டா விவசாயம் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் வாரம் ஒரு புதுக் கட்டுரை போடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, பழையதைத் தூர்வாரலாம். குருத்துப்பூச்சிக்குப் போரேட் குருணை போடச் சொல்லும் கட்டுரை உங்களிடம் கிடக்கிறதா? 2020 டிசம்பர் 31 முதல் அந்த மருந்துக்கு நாடு முழுக்கத் தடை. பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதிவிட்டால் பழையது மறைந்துவிடாது. ஒரே தேடலுக்கு இரண்டும் முட்டிக்கொள்ளும். விவசாயி கையில் தப்பானதே சிக்கினாலும் சிக்கும்.

எதில் தொடங்குவது? உங்கள் பக்கங்கள் கூகுள் தேடலில் எப்படித் தெரிகின்றன என்று காட்டும் கருவி கூகுள் சர்ச் கன்சோல். அதில், தேடல் முடிவுகளில் சராசரி இடம் 8 முதல் 20 வரை இருந்து, கண்ணில் பட்டும் கிளிக் விழாத பக்கங்களை எடுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடந்த 3 மாதத்தை அதற்கு முந்தைய 3 மாதத்தோடு ஒப்பிட்டால், ஏப்ரலில் எந்தச் சம்பா கட்டுரையும் செத்துப்போனதாகத்தான் தெரியும். அது பருவம், சரிவு அல்ல. போன வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். கன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும். வருடம் ஒருமுறை ஷீட்டில் இறக்கி வைப்பது நல்லது.

பிறகு வரிவரியாகப் படியுங்கள். 'மேட்டூர் ஜூன் 12இல் திறக்கும்' என்று அடித்துச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் திறந்தது 2022இல் மே 24, 2024இல் ஜூலை 28. 'வழக்கமான நாள்' என்று மாற்றுங்கள். உங்கள் கட்டுரையில் சீர்காழி இன்னும் நாகை மாவட்டத்தில் இருக்கும். 2020லிருந்து அது மயிலாடுதுறை. பயிர்க் காப்பீட்டுப் பகுதி, திட்டமே மாறிய 2016க்கு முந்தையது என்றால் ஒட்டுப்போடாதீர்கள், முழுதாகத் திருப்பி எழுதுங்கள்.

லிங்கில் கை வைக்க வேண்டாம். அதில் '2019' என்று இருந்தாலும் இருக்கட்டும், தலைப்பை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு கட்டுரையை ஒன்றாக்கினால், விட்ட லிங்கிலிருந்து நிரந்தரத் திருப்பல் கொடுங்கள், அதைத் திறப்பவர் தானாகவே இருக்கிற கட்டுரைக்கு வந்துவிடுவார். பிளாக்கரில் அது செட்டிங்ஸிலேயே இருக்கிறது. தேதியை மட்டும் மாற்றிப் புதுசு என்று காட்டுவது இடிகிற சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. என்ன மாறியது என்று மேலே ஒரு வரி எழுதினால் வாசகருக்கு உதவும்.

குறுவைக் கட்டுரையை ஏப்ரலிலும் சம்பாவை ஜூலை தொடக்கத்திலும் முடித்து, திருத்தியதைக் கூகுள் மறுபடி படித்துத் தன் அட்டவணையில் சேர்க்கும்படி கன்சோலில் கேளுங்கள். நாற்றங்கால் விட்டபின் திருத்தி என்ன பயன்?

புதிதாக எழுதியே ஆக வேண்டியவையும் உண்டு. சி.ஆர். 1009 நெல் ரகக் கட்டுரையின் அடியில் 'சப்-1 ரகமும் வந்துவிட்டது' என்று செருகுவது அநியாயம். இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் தாங்கும் மரபணு சேர்த்த ரகம் அது. வடிகால் இல்லாத தாழ்ந்த வயல்காரரின் கேள்வியே வேறு. அதற்குத் தனிக் கட்டுரை, பழையதிலிருந்து ஒரு லிங்க்.