ஹார்டிசன் எண்ணிக் காட்டிய கணக்கு

ஃபேஷன் உலகில் எல்லோருக்கும் இடம் உண்டா என்ற பேச்சு வந்தால், உடனே யாராவது ஓர் அட்டைப்படத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். 1974 ஆகஸ்டில் வோக் என்ற ஃபேஷன் இதழின் அமெரிக்கப் பதிப்பு அட்டையில் பெவர்லி ஜான்சன் வந்தார். அந்த அட்டையில் வந்த முதல் கறுப்பின மாடல். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அட்டைப்படத்தின் ஆயுள் ஒரு மாதம். அடுத்த மாதம் யாரைக் கூப்பிடுவது என்று முடிவெடுக்கும் நாற்காலியில் அதே ஆள்தானே உட்கார்ந்திருக்கிறார்? அந்த நாற்காலியோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர் என்பதால்தான், இந்த விஷயத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அமெரிக்கக் கறுப்பின மாடல் பெத்-ஆன் ஹார்டிசன்.

1942-இல் புரூக்ளினில் பிறந்தவர். நியூயார்க்கின் ஆயத்த ஆடை வட்டாரத்தில் ஒரு பொத்தான் கம்பெனியில் வேலை, அப்புறம் ஷோரூமில் விற்பனை. அறுபதுகளின் கடைசியில் வடிவமைப்பாளர் வில்லி ஸ்மித் கண்ணில் பட்டு மாடலிங்குக்கு வந்தார். நல்ல கறுப்பு நிறம், ஒட்ட வெட்டிய முடி. கறுப்பினப் பெண்களை எடுத்தாலும் அதிலும் கொஞ்சம் வெளுத்தவராகப் பார்த்து எடுத்த காலம் அது. இவர் அந்தக் கணக்கிலும் சேராதவர்.

1973 நவம்பர் 28, பிரான்சின் வெர்சாய் அரண்மனை. அரண்மனையைப் புதுப்பிக்க நிதி திரட்டும் விழா. ஐந்து பிரெஞ்சு வடிவமைப்பாளர்கள், ஐந்து அமெரிக்கர்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆர்க்கெஸ்ட்ரா, ராக்கெட், பூசணிக்காய் வண்டி என்று இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இழுத்தார்கள். அமெரிக்கர்களிடம் இருந்ததெல்லாம் வெறும் மேடையும் டேப்பில் பதிந்த பாட்டும்தான். கூடவே ஐஃபெல் கோபுரம் வரைந்த பின்திரை ஒன்று. அதற்கும் அடி, மீட்டர் குழப்பத்தில் அளவு தவறி, மேடைக்குப் பற்றாமல் போய்விட்டது. ஆனால் அவர்களோடு பத்துக் கறுப்பின மாடல்களாவது வந்திருந்தார்கள். அப்போது பாரிஸ் மேடை அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. அந்த ஐந்து அமெரிக்கர்களில் ஒருவரான ஸ்டீஃபன் பர்ரோஸின் ஆடைகளில் அவர்கள் ஆட்டமும் மிடுக்குமாக நடந்தார்கள். ஹார்டிசன் மஞ்சள் உடையில் மேடை முனைவரை வந்து, அப்படியே நின்று கூட்டத்தை முறைத்துப் பார்த்தார். அரங்கம் கையிலிருந்த நிகழ்ச்சித் தாள்களைத் தூக்கி எறிந்து ஆர்ப்பரித்தது.

பலர் அவர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அப்புறம்தான் சுவாரசியம்.

1984-இல் சொந்தமாக மாடல் ஏஜென்சி தொடங்கினார். அதைக் கறுப்பினத்தவருக்கு மட்டுமான ஏஜென்சியாக அவர் நடத்தவில்லை. எல்லா நிறத்து மாடல்களும் அவரிடம் இருந்தார்கள். இதை நான் பெரிய சாமர்த்தியமாகப் பார்க்கிறேன். எல்லோரையும் வைத்திருப்பவரிடம் வாடிக்கையாளர் வந்துதான் ஆக வேண்டும். வந்தவரிடம், இவரையும் பாருங்கள் என்று தள்ளிவிடலாம். ரால்ஃப் லாரன் என்ற ஆடை நிறுவனத்து விளம்பரங்களின் முகமாக மாறிய கறுப்பின மாடல் டைசன் பெக்ஃபோர்டு அவர் கைவழியே வந்தவர்தான். 1988-இல் சோமாலியாவில் பிறந்த மாடல் இமானோடு சேர்ந்து கறுப்பின மாடல்களுக்கென ஒரு கூட்டணியையும் உருவாக்கினார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஏஜென்சியை மூடிவிட்டு ஒதுங்கினார். அந்த இடைவெளியில்தான் எல்லாம் தலைகீழானது. பெர்லின் சுவர் விழுந்தபின் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மாடல்கள் அலையலையாக வந்தார்கள். மாடலின் ஆளுமை கண்ணில் படக்கூடாது, உடுப்பு மட்டும் தெரிந்தால் போதும் என்ற ரசனையும் கூடவே வந்தது. வெளுத்த, ஒல்லியான, ஒரே அச்சில் வார்த்த முகங்கள் வரிசையாக நடந்தன. இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான பிராடாவின் மேடையில் பத்தாண்டுக்கு மேல் ஒரு கறுப்பின மாடல்கூட நடக்கவில்லை. 2008-இல் பிரிட்டனின் கறுப்பின மாடல் ஜோர்டன் டன் நடந்தபோது அதுவே செய்தியானது. அதே ஆண்டு ஜூலையில் இத்தாலிய வோக் ஓர் இதழ் முழுக்கக் கறுப்பின மாடல்களைப் போட்டு, அது மறு அச்சுக்கும் போனது. கறுப்பின முகங்களைப் போட்டால் விற்காது என்ற சாக்குக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

ஹார்டிசன் 2007-இல் திரும்பி வந்து நியூயார்க்கில் கூட்டங்கள் போட்டார். பேசினார்கள், தலையாட்டினார்கள், கலைந்தார்கள். 2013 செப்டம்பரில் அவர் வேறு வேலை செய்தார். நியூயார்க், லண்டன், பாரிஸ், மிலான் நகரங்களின் ஃபேஷன் அமைப்புகளுக்குத் திறந்த கடிதங்கள் அனுப்பினார். ஒரு கறுப்பின மாடல்கூட இல்லாமலோ, பேருக்கு ஒருவரை மட்டும் வைத்தோ மேடை நடத்திய நிறுவனங்களை ஊர்வாரியாகப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டார். இமானும் இன்னொரு கறுப்பின மாடலான நவோமி கேம்ப்பெலும் கூட நின்றார்கள். உங்கள் எண்ணம் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், விளைவு இனவெறிதான் என்பது கடிதத்தின் சாரம்.

இதில் எனக்குப் பிடித்தது, நீ கெட்டவனா நல்லவனா என்ற விவாதத்துக்கே அவர் போகவில்லை என்பது. மனசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் நல்லவர்கள்தான். மேடையில் எத்தனை பேர் நடந்தார்கள் என்று எண்ணினால் மழுப்ப முடியாது. அடுத்தடுத்த சீசன்களில் மேடையின் நிறம் மெல்ல மாறியது. கடிதம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், சமூக ஊடகத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அதற்குப் பிறகு வெள்ளையர் மட்டும் நடக்கும் மேடையை யாரும் கவனிக்காமல் விடவில்லை.

மேடை ஏற்றிவிட்டால் முடிந்துவிடுமா என்றால், இல்லை. 2015-இல் தெற்கு சூடான் மாடல் நைகோர் பால், தன் தோலுக்கேற்ற மேக்கப்பைத் தானே கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகக் கொதித்தார். கூட நடக்கும் வெள்ளை மாடல் வெறுங்கையோடு வந்து உட்கார்கிறார், இவர் பவுண்டேஷன், அதாவது தோல் நிறத்துக்கேற்ற அடிப்பூச்சு, டப்பாவோடு வர வேண்டும். நாற்பது நிறங்களில் பவுண்டேஷனோடு பாடகி ரிஹானாவின் அழகுப்பொருள் நிறுவனமான ஃபென்டி பியூட்டி கடைக்கு வந்தது 2017-இல்தான்.

2019-இல், கறுப்பு முகமூடியில் தடித்த சிவப்பு உதடு வைத்த மாதிரி, கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் பழைய வேடத்தை நினைவூட்டும் ஒரு ஸ்வெட்டரை விற்று இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான குச்சி (Gucci) வாங்கிக் கட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்டு, சரக்கைத் திரும்பப் பெற்றது. பிறகு ஹார்டிசனை ஆலோசகராகச் சேர்த்தது. கேடயமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம், நிறுவனங்களின் புத்தி அப்படித்தான். ஆனால் வெளியிலிருந்து கடிதம் போட்டவரை உள்ளே உட்கார வைத்து சம்பளமும் கொடுக்கும் நிலைமைக்கு அவர்கள் வந்தார்களே! அந்த வேலையை வேண்டாம் என்று அவர் உதறியிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.