பாப்பா உமாநாத்தும் என் சின்ன அத்தையின் மூன்று மாவும்

போன வாரம் நன்னிலத்தில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது பெண் சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் பாப்பா உமாநாத்தின் பெயரைச் சொன்னேன். "இரண்டே வருடம் எம்.எல்.ஏ.வாக இருந்தவரைப் போய்ச் சொல்கிறாயே, அப்படி என்ன செய்துவிட்டார்?" என்று கேட்டார் பெரியப்பா. அந்த இடத்தில் எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வி இன்னும் உறுத்திக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

பெரியப்பாவின் கணக்கில் தவறில்லை. 1989 ஜனவரியில் திருவெறும்பூர் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் வென்றார். 1991 ஜனவரியில் சட்டமன்றமே கலைக்கப்பட்டது. ஆனால் ஒரு பெண்ணின் பொதுவாழ்வை அவர் அவையில் உட்கார்ந்த நாட்களை வைத்து அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காரைக்காலுக்கு அருகே கோவில்பத்தில் 1931இல் பிறந்தவர். இயற்பெயர் தனலட்சுமி. குடும்பம் பிழைப்புத் தேடித் திருச்சிப் பொன்மலைக்குப் போனது. அங்கே ரயில்வே தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டார் தாய். சங்கக் கூட்டங்களுக்குள் ஓடியாடி வளர்ந்த சிறுமி 'பொன்மலைப் பாப்பா' ஆனார். முதல் கைதின்போது வயது பன்னிரண்டு. 1950இல் தாயும் மகளும் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். தாய் அங்கேயே இறந்துபோனார். கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தால் உடலைப் பார்க்கலாம் என்றார்கள். இருபது வயதைத் தொடாத அந்தப் பெண் எழுதிக் கொடுக்கவில்லை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

இனி என் குடும்பக் கதை. அவர் உறுப்பினராக இருந்த அந்தச் சட்டமன்றம்தான் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. கொண்டுவந்தது கருணாநிதி அரசு. அந்தப் பெருமை அவர்களுக்குரியது. 1989 மார்ச் 25 முதல் அது செல்லும். அதற்கு முன்பே திருமணமான மகள்களுக்கு மட்டும், 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்படும்வரை, பங்கு இல்லை. எங்கள் பெரிய அத்தைக்கு 1984இல் கல்யாணம். சின்ன அத்தைக்கு 1991இல். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருத்திக்கு உரிமை, இன்னொருத்திக்கு இல்லை.

உரிமை இருந்த சின்ன அத்தைக்கும் அது எளிதில் கிடைத்துவிடவில்லை. 1996இல் பாகம் பிரித்தபோது பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைத் தயாராக எழுதிவைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "சீர் செய்தாகிவிட்டதே, பிறந்த வீட்டைப் பிரிக்கலாமா?" என்று ஊரே கேட்டது. அத்தை போடவில்லை. திருவாரூரிலிருந்து ஜனநாயக மாதர் சங்கத்துப் பெண்கள் இருவர் வந்து, சார் பதிவாளர் அலுவலகத்தின் வேப்பமரத்தடியில் அன்று முழுவதும் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், அவர் பேரில் பதிவானது. என் அப்பா ஓராண்டு அவரோடு பேசவில்லை. அப்பா செய்தது தவறு. அவர் இருந்தபோதே அதை அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பாப்பா உமாநாத் ஊர் ஊராக அலைந்து கட்டிய சங்கம் அது. சட்டம் அரசிதழில் வந்துவிட்டால் போதுமா? பதிவு அலுவலகத்து வாசலில் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டாமா? பதவி போன பிறகும் அவர் ஓயவில்லை. 1992இல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் கணவனைப் பறிகொடுத்து, தானும் கொடுமைக்கு ஆளான பெண்ணுக்காக அந்தச் சங்கம் நின்றது. அதே ஆண்டுதான் தருமபுரிப் பக்கத்துப் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் வனத்துறையினரும் காவல்துறையினரும் புகுந்து மக்களைக் கொடுமைப்படுத்தினார்கள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அதைக் கேட்க அவர் இல்லை; 2010 டிசம்பரில் மறைந்துவிட்டார்.

2021 தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் பெண்கள் என்றிருக்கிற நம் டெல்டாவில், வேட்பாளர் பட்டியல் எழுதும்போது மட்டும் எல்லாக் கட்சிகளுக்கும் அவர்கள் மறந்துபோகிறார்கள். 2023இல் நிறைவேறிய, பெண்களுக்கு 33 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடியட்டும் என்கிறது. அதுவரை காத்திருக்கச் சொல்லி எந்தக் கட்சியையும் யாரும் கட்டிப்போடவில்லையே! உள்ளாட்சியில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிய மாநிலம் இது. அந்த ஊராட்சித் தலைவிகளில் ஒருவருக்குக்கூடவா சட்டமன்றத்துக்குப் போகும் தகுதி இல்லை?

பெரியப்பா, இந்தச் சம்பாவுக்கும் சின்ன அத்தை தன் பேரிலுள்ள சிட்டா அடங்கலைக் கொடுத்துத்தான் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருக்கிறார். பெரிய அத்தை அந்த மூன்று மாவில் நடவுக்கு வந்திருந்தார். கூலியைத் தங்கை கையால் வாங்கிக்கொண்டு போனார்.