ஸ்கிரீனரில் வந்த பங்கை அன்றைக்கே வாங்காதீர்கள்

பங்குச்சந்தைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகள் எல்லோர் போனிலும் ஸ்கிரீனர், சார்ட்இங்க், டிரேடிங்வியூ என்று, பங்குகளை வடிகட்டித் தேடவும் விலை வரைபடம் (சார்ட்) பார்க்கவும் உதவும் ஏதாவது ஒன்று இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஒரு நிறுவனத்தின் பத்து வருடக் கணக்கை இலவசமாக, ஒரே பக்கத்தில் பார்க்க முடிவது சாதாரண முதலீட்டாளருக்குப் பெரிய வரம். ஆனால் ஃபில்டரில் வந்த பெயரை அன்றைக்கே வாங்கிவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பயம்.

பி.இ. (ஒரு பங்குக்கான லாபத்தைப் போல் பங்கு விலை எத்தனை மடங்கு என்பது) 10க்குக் கீழே, ஆர்.ஓ.சி.இ. (தொழிலில் போட்ட மூலதனத்துக்குக் கிடைக்கும் லாப விகிதம்) 20 சதவீதத்துக்கு மேலே என்று போட்டுத் தேடினால், உலோக விலை உச்சத்தில் இருக்கும் வருடத்தில் எஃகு கம்பெனிகள் வரிசையாக வந்து நிற்கும். லாபம் திடீரென்று பெருத்தால் பி.இ. தானாக இறங்கிவிடும், அவ்வளவுதான். 2021-22இல் டாடா ஸ்டீலின் ஒருங்கிணைந்த லாபம் 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2023-24இல் அதே நிறுவனம் நஷ்டக் கணக்கு காட்டியது. பி.இ. மிகக் குறைவாகத் தெரிந்தது லாபத்தின் உச்சியில்! நிலத்தை விற்று வந்த பணம் ‘இதர வருமானம்’ என்று சேர்ந்தாலும் இதே கதைதான்.

டேட்டாவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2022 ஜூலையில் டாடா ஸ்டீல் தன் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை 1 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. பழைய விலைகளைச் சரிசெய்யாத சார்ட்டில் அது ஒரே நாளில் 90 சதவீத வீழ்ச்சியாகத் தெரியும். ‘52 வார அடிமட்டம்’ ஸ்கேனிலும் வந்துவிடும்.

அப்புறம் இண்டிகேட்டர், அதாவது விலையின் போக்கைக் காட்ட சார்ட்டில் போடும் கணக்குகள். ஆர்.எஸ்.ஐ., எம்.ஏ.சி.டி., மூவிங் ஆவரேஜ் மூன்றும் ‘வாங்கு’ என்றால் உறுதி கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். மூன்றுமே முடிவு விலையிலிருந்து கணக்கிடப்படுபவை. ஒரே ஆள் மூன்று சட்டை மாற்றிக்கொண்டு வந்து சாட்சி சொல்வது போலத்தான். வால்யூமாவது (எத்தனை பங்குகள் கைமாறின என்பது) வேறு தகவல். அதைப் பார்ப்பவர்கள் குறைவு.

2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எத்தனை வீட்டுச் சேமிப்பு அது! புரோக்கர் ஆப்பில் சார்ட் அவர்களுக்கும் இலவசமாகத்தான் கிடைத்தது.

என்னைக் கேட்டால், ஸ்கிரீனரை வேண்டாதவற்றைக் கழிக்கப் பயன்படுத்துங்கள். ப்ரமோட்டரின் (நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின்) பங்குகள் பெருமளவு அடமானத்தில் இருக்கிறதா, கழியுங்கள். மிஞ்சும் பெயர்களுக்கு ஆண்டறிக்கையைத் திறந்து பணப்புழக்க அறிக்கையை நிதானமாகப் படியுங்கள். லாபம் வருடாவருடம் ஏறுகிறது, ஆனால் தொழிலிலிருந்து கைக்கு வரும் பணம் பல வருடமாக ஏறவே இல்லை, அதற்கு அறிக்கையில் சரியான காரணமும் இல்லை என்றால், சார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.