அந்த 300 ரூபாய் கொள்ளை அல்ல

மேடவாக்கம் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளில் எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பி, "உங்கள் ஆள்தானா பாருங்கள்" என்று கேட்டுவிட்டார்கள். என் ஆள்தான். என்னைப் போல பிக்கப் சரக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒவ்வொருவரும் என் ஆள்தான். பெரம்பூரில் வீட்டுச் சாமான் ஏற்றிய அந்த ஓட்டுநர் தம்பியிடம் மேடவாக்கம் வரை என்று 1,700 ரூபாய் வாடகை பேசினார்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, வீடு மாம்பாக்கம் பக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். டீசலுக்காக அவர் 300 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். அதற்குப் "பகல் கொள்ளை" என்று தலைப்பிட்டு, அவர் முகத்தையும் வண்டி எண்ணையும் ஊரறியப் போட்டிருக்கிறார்கள். அந்த 300 ரூபாய் கொள்ளை அல்ல.

கணக்கைச் சொல்கிறேன். பெரம்பூரிலிருந்து மாம்பாக்கத்துக்கு ஏறக்குறைய 36 கிலோமீட்டர். வீட்டுச் சாமான் ஏற்றிப் போனால் திரும்பி வரும்போது லோடு கிடைக்காது. காலியாகத்தான் வர வேண்டும். ஆக 72 கிலோமீட்டர். பள்ளிக்கரணையில் முதல் கியரில் ஊர்ந்து போகும் வண்டிக்கு லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. 7 லிட்டருக்கு மேல் போகும்; லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் 660 ரூபாய் டீசலுக்கே. வண்டித் தவணை எனக்கு மாதம் 11,400. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு 16,000 ரூபாய்க்கு மேல். அதற்குப் பிறகு எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்று, டயர், ஆயில். ஒரு நாளைக்கு ஒரு டிரிப்தான் அமைகிறது என்றால், மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது கையில் என்ன இருக்கும் என்பதைக் கூட்டிப் பாருங்கள்.

"முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்" என்கிறீர்கள். உண்மை, மேடவாக்கத்தில் நின்று சொல்வதற்குப் பதிலாகப் பெரம்பூரிலேயே அவர் எந்தத் தெரு என்று கேட்டிருக்கலாம். ஆனால் போக வேண்டிய இடத்தைச் சரியாகச் சொல்லும் கடமை வண்டியை அழைத்தவருக்கு இல்லையா? அதை ஏன் ஒருவர்கூடக் கேட்கவில்லை?

"டீசல் விலைதான் இரண்டு ஆண்டு அசையாமல் நின்றதே, அப்புறம் எதற்கு வாடகையைக் கூட்டுகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்தவர், விவரம் தெரிந்தவர். அதனால்தான் அதிகம் வலித்தது. 2022 மே மாதத்திலிருந்து 2024 மார்ச் வரை விலை அசையவில்லை என்பது சரிதான். எந்த இடத்தில் அசையாமல் நின்றது என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். 2014 அக்டோபரில் டீசல் விலையைச் சந்தையிடம் விட்டபோது சென்னையில் லிட்டர் 60 ரூபாய்க்குள் இருந்தது. 2020 ஏப்ரலில் 66 ரூபாய்க்குள். 2021 நவம்பர் தொடக்கத்தில் 102 ரூபாயைத் தாண்டியது. ஒன்றரை ஆண்டில் லிட்டருக்கு 36 ரூபாய்க்கு மேல். அதே ஒன்றரை ஆண்டில் எனக்கு வாடிக்கையாக லோடு கொடுத்து வந்த காய்கறிக் கடைக்காரர், கோயம்பேட்டிலிருந்து கொளத்தூருக்கு வாடகையில் கூட்டிக் கொடுத்தது 50 ரூபாய். அவர் கெட்டவர் அல்லர். வேறு வண்டிக்காரர் பழைய வாடகைக்கே வரத் தயாராக நிற்கும்போது அவர் மட்டும் என்ன செய்வார்?

கச்சா எண்ணெய் உலகச் சந்தையில் படுத்துக் கிடந்த 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும் ஒன்றிய அரசு டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு மொத்தம் 16 ரூபாய் கூட்டியது. எங்களுக்கு வந்திருக்க வேண்டிய விலைக் குறைவு அப்படியே வரிக்குள் போயிற்று. மாநில அரசும் அதே மே மாதத்தில் தன் வரியை மாற்றியதில் சென்னையில் இரண்டரை ரூபாய் ஏறியது. 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் தி.மு.க. டீசலுக்கு 4 ரூபாய் குறைப்பதாகச் சொன்னது. அந்த ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது, டீசலுக்குக் குறையவில்லை. ஒன்றிய அரசு 2021 நவம்பரில் 10 ரூபாயும் 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் வரியைக் குறைத்தது. நான் அதை மறைக்கவில்லை. குறைத்த பிறகும் விலை 94 ரூபாயில் நின்றது. 2024 மார்ச்சில் இன்னும் 2 ரூபாய் குறைந்தது. எந்தக் கட்சிக்காரர் வந்து என்னிடம் சண்டை போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

என் அப்பா காசிமேட்டில் மீன்பாடி வண்டி மிதித்தவர். ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் போவார். கால் வீங்கும், முதுகு போகும், ஆனால் மாலையில் மடியை அவிழ்த்தால் அன்று சம்பாதித்தது முழுவதும் அதில் இருக்கும். வண்டி ஓடுவதற்காக யாருக்கும் அவர் முன்பணம் கட்டியதில்லை. நான் 2019-இல் கடன் வாங்கிப் பிக்கப் எடுத்தபோது, இனி நம் குடும்பத்தில் யாரும் மிதிக்க வேண்டியதில்லை என்று கண் கலங்கினார். இப்போது நான் காலையில் பங்கில் 1,500 ரூபாய்க்கு டீசல் போட்டுவிட்டுத்தான் அன்றைய முதல் ரூபாயைத் தேடிப் போகிறேன். மணலியில் என் வீட்டு மாடியில் நின்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் தெரியும். அந்தப் புகையைச் சுவாசிக்கிறவன் நான்; அந்த டீசலை எந்த விலைக்கு வாங்குவது என்பதில் எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

"கட்டுப்படியாகவில்லை என்றால் எரிவாயுவில் ஓடும் சி.என்.ஜி. வண்டிக்கு மாறுங்கள்" என்பவர்கள், கடன் பாக்கி உள்ள வண்டியை இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்று ஒரு தரகரிடம் கேட்டுவிட்டு வரட்டும். "ஆட்டோக்காரர்களைப் போல நீங்களும்" என்று தொடங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டோவுக்கு 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணமாவது காகிதத்தில் இருக்கிறது. சென்னைக்குள் ஓடும் எங்கள் சரக்கு வண்டிகளுக்கு அதுவும் கிடையாது. டீசல் விலையை வேறொருவர் தீர்மானிக்கிறார். வாடகையை வண்டி கேட்பவர் தீர்மானிக்கிறார். நடுவில் வாய் திறந்து 300 ரூபாய் கேட்டால் நாங்கள் கொள்ளைக்காரர்கள் ஆகிறோம்.

குளிர்சாதனப் பெட்டியும் பீரோவும் கீறல் விழாமல் இறங்கினவா இல்லையா என்று அந்தக் காணொளியில் ஒருவரும் சொல்லவில்லை. இறங்கின. நான் அந்தத் தம்பியிடம் பேசினேன். 300 ரூபாயைக் கடைசிவரை கொடுக்கவில்லை. அவரும் சாமானை இறக்காமல் போகவில்லை.

காணொளியை எடுத்தவர் இதைப் படிக்கக்கூடும். ஐயா, உங்கள் கோபத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், வண்டி எண் தெரியும் பகுதியை மட்டுமாவது நீக்கிவிடுங்கள். நேற்று பெரம்பூர் ஸ்டாண்டுக்கு வந்த இரண்டு பேர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இந்த வண்டி வேண்டாம்" என்று சொல்லி அடுத்த வண்டிக்குப் போனார்கள். அவருக்குத் தவணை 5-ஆம் தேதி.